நாலுக்கு நாலே முக்கால்

நாலு மார்க் கேள்விக்கு நாலே முக்கால் மார்க் போட்டால் நம்ம ஊரில் பேப்பர் திருத்தியவருக்கு மெமோ வரும். அமெரிக்க ஹைஸ்கூல்களில் அதற்குப் பெயர் வெயிட்டட் ஜிபிஏ. அதை வாங்கிய பிள்ளையின் அம்மா இங்கே இருக்கிற மொத்தச் சொந்தத்துக்கும் போன் போட்டுச் சொல்வார். இங்கே இருப்பவர்களும் அது எத்தனைக்கு எத்தனை என்று கேட்காமல் "அப்படியா, ரொம்ப சமத்து" என்பார்கள். நான் பி.காம் படிக்கிறவன். என்ன கரன்சி என்று கேட்காமல் ஒரு தொகையைக் கணக்கில் ஏற்றாதே என்பதுதான் எனக்கு இத்தனை நாளாகச் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் கேட்டேன், தேடிப் படித்தேன். கொஞ்சம் தலைசுற்றல், நிறையக் கோபம். கோபத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் அரிச்சுவடி. அங்கே ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நாலு வருஷம் ஹைஸ்கூல். நம்ம பிளஸ் டூ மாதிரி கடைசியில் ஒரே பொதுத்தேர்வு வைத்து அந்த மார்க்கைக் கொண்டு காலேஜ் சேர்வது அங்கே வழக்கமில்லை. (நியூயார்க் மாதிரி சில இடங்களில் மாநிலத் தேர்வு உண்டு. ஆனால் காலேஜ் முதலில் பார்க்கிற எண் அது இல்லை.) பாடம் எடுத்த ஆசிரியரே மார்க் போடுகிறார். நூற்றுக்கு இத்தனை என்பது ஏ, பி, சி, டி, எஃப் என்று எழுத்தாகிறது. ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1, எஃப் பூஜ்யம். நாலு வருஷப் பாடங்களுக்கும் சராசரி எடுத்தால் ஜிபிஏ. எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 4.0. அதற்கு மேல் போக வழியில்லை. இதுவரை நியாயமாகத்தானே இருக்கிறது?

முதல் கூத்து, எத்தனை மார்க் வாங்கினால் ஏ என்பது. நாட்டில் பள்ளி மாவட்டங்கள் மட்டும் சுமார் 13,000. சில மாநிலங்கள் மாநிலம் முழுக்க ஒரே அளவுகோல் வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. பெரும்பாலான இடங்களில் 90 வாங்கினால் ஏ. ஆனால் வட கரோலினாவில் 2015 வரைக்கும் 93 வாங்கினால்தான் ஏ. 92 வாங்கியவன் பி. அதாவது 92 மார்க் ஒரு மாநிலத்தில் 4.0, இன்னொரு மாநிலத்தில் 3.0. வட கரோலினாவில் 70க்குக் கீழே ஃபெயில். வேறு இடத்தில் அதே 68 மார்க் வாங்கியவன் டி வாங்கிப் பாஸ். 2015-16 கல்வியாண்டில் அங்கேயும் பத்து மார்க் அளவுகோலுக்கு மாறினார்கள். ஒரே ராத்திரியில் ஒரு மாநிலமே புத்திசாலி ஆகிவிட்டது!

இரண்டாவது கூத்து பெரியது. அதுதான் வெயிட்டேஜ். ஏபி என்று ஒரு வகைப் பாடங்கள் உண்டு. காலேஜ் போர்டு என்கிற அமைப்பு 1950களிலிருந்து நடத்துவது. காலேஜ் முதலாண்டு அளவுக்குக் கடினமான பாடத்தை ஹைஸ்கூலிலேயே படிப்பது. அதற்குக் கீழே ஹானர்ஸ் என்று இன்னொரு படி. கடினமான பாடம் எடுக்கிற பிள்ளைக்கு ஊக்கம் தர வேண்டும் என்று ஏபியில் வாங்கிய ஏ கிரேடுக்கு 4க்குப் பதில் 5, ஹானர்ஸ் என்றால் 4.5 என்று பல பள்ளிகள் கொடுக்கின்றன. இப்படித்தான் நாலுக்கு நாலே முக்கால் வருகிறது. இந்தக் கூடுதல் பாயின்ட் எவ்வளவு என்பதும் அவரவர் இஷ்டம்.

பக்கத்துப் பக்கத்து மாநிலங்களை எடுத்துக்கொள்வோம். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டம், வாஷிங்டனை ஒட்டிய பெரிய பள்ளி மாவட்டம். 2009க்கு முன்னால் அங்கே 94 வாங்கினால்தான் ஏ. ஏபிக்கு அரை பாயின்ட் மட்டும் கூடுதல். ஹானர்ஸுக்கு ஒன்றுமே இல்லை. அதே காலத்தில் தெற்கே இருக்கிற வட கரோலினாவில் ஏபிக்கு இரண்டு பாயின்ட் கூடுதல். ஒரே ஏபி வரலாறு, ஒரே பாடத்திட்டம், ஒரே 95 மார்க். ஃபேர்ஃபாக்ஸ் பிள்ளைக்கு 4.5. வட கரோலினா பிள்ளைக்கு 6.0. இரண்டு மார்க் குறைத்து 93 போட்டுப் பாருங்கள். வட கரோலினாவில் அப்போதும் 6.0. ஃபேர்ஃபாக்ஸில் ஏ கிரேடே கிடையாது. எங்கள் பிள்ளைகள் காலேஜ் சேர்க்கையிலும் உதவித்தொகையிலும் அடி வாங்குகிறார்கள் என்று ஃபேர்ஃபாக்ஸ் பெற்றோர் இயக்கம் நடத்தி, 2009ல் பள்ளி வாரியம் வாக்கெடுத்து, 90க்கு ஏ மைனஸ், ஏபிக்கு ஒரு பாயின்ட் என்று மாற வைத்தார்கள். வட கரோலினாவோ 2015-16ல் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தவர்களிலிருந்து இரண்டு பாயின்டை ஒன்றாகக் குறைத்தது. ஒருவர் ஏற்றினார், ஒருவர் இறக்கினார். பாடம் மட்டும் அப்படியே இருந்தது.

தென் கரோலினா இன்னும் ரசனையானது. அங்கே மாநிலம் முழுக்க ஒரே அளவுகோல், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த அளவுகோலில் 90 மார்க்குக்கு 4.0, அதற்கு மேல் ஒவ்வொரு மார்க்குக்கும் 0.1. சாதாரணப் பாடத்திலேயே நூற்றுக்கு நூறு என்றால் 5.0. ஏபியில் நூறு வாங்கினால் 6.0. அப்புறம் ஒருத்தர் போன் போட்டு "என் பொண்ணு 4.6" என்றால் எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்த வருஷம் என்று மூன்று கேள்வி கேட்காமல் எப்படி வாயைத் திறப்பது?

"வேறு வேறு ஊரில் வேறு வேறு அளவுகோல் இருப்பது ஒரு குற்றமா? நம்ம ஊரில் ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ என்று இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. வித்தியாசம் இருப்பது என் பிரச்சினை இல்லை. நம்ம ஊரில் பொறியியல் நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டு 2007ல் கொண்டுவந்த சட்டத்திலேயே, ஒவ்வொரு போர்டின் உச்ச மார்க்கையும் ஸ்டேட் போர்டின் உச்ச மார்க்குக்குச் சமமாக வைத்து மற்றதை அந்த விகிதத்தில் கணக்கிட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அந்தச் சூத்திரம் சரியா தப்பா என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் போடலாம். ஆனால் அது ஒரே சூத்திரம், எல்லாருக்கும் பொது, முன்கூட்டியே தெரியும். முக்கியமாக, மார்க் போட்டவரே மாற்று விகிதத்தையும் போட்டுக்கொள்ளவில்லை.

என் எதிர்ப்பு அந்த இடத்தில்தான். பி.காம் பாஷையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி தன்னைப் பற்றித் தானே "எங்களுக்கு நல்ல பெயர் இருக்கிறது, அதன் மதிப்பு பத்துக் கோடி" என்று எழுதி பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்ட முடியாது. தானே உண்டாக்கிய குட்வில்லைக் கணக்கில் ஏற்றாதே என்று அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 26 தெளிவாகச் சொல்கிறது. நல்ல பெயர் பொய் என்பதால் இல்லை. அதற்கு நீயே விலை போடக் கூடாது என்பதால். காசு கொடுத்து வாங்க ஒருவன் வந்து விலை சொன்னால்தான் அது கணக்கு. வெயிட்டட் ஜிபிஏ பள்ளிகள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்கிற குட்வில். "எங்கள் ஏபி பாடம் ஒரு பாயின்ட் கூடுதல் மதிப்பு" என்று பள்ளி சொல்கிறது. யாரை அளந்து, எதோடு ஒப்பிட்டு, ஏன் ஒன்று, ஏன் அரை இல்லை, ஏன் இரண்டு இல்லை? பதில் கிடையாது. இரண்டு, அரை, ஒன்று எல்லாம் கரோலினாவுக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவிலேயே இருந்து பார்த்தாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. ஏபி பாடத்துக்கு மே மாதம் காலேஜ் போர்டு வைக்கிற தேர்வு ஒன்று உண்டு. நாடு முழுக்க ஒரே தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். பாடம் உண்மையிலேயே காலேஜ் தரத்தில் நடந்ததா என்று வெளியிலிருந்து பார்க்கிற ஒரே அளவு அதுதான். ஆனால் பெரும்பாலும் கூடுதல் பாயின்ட் கிடைப்பது அந்தத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு இல்லை, வகுப்பில் ஆசிரியர் போட்ட கிரேடுக்கு. தேர்வில் 1 வாங்கிய பிள்ளைக்கும் வகுப்பில் ஏ இருந்தால் 5.0தான். ஆடிட்டர் ரிப்போர்ட் கையில் இருக்கும்போதே அதைப் பிரிக்காமல் முதலாளி சொன்ன லாபத்தை எழுதிக்கொள்கிற மாதிரி.

சரி, இதெல்லாம் ஊருக்கு ஊர் ஒப்பிடுகிற சிக்கல். ஒரே பள்ளிக்குள்ளேயாவது வெயிட்டேஜ் நியாயமாக நடக்கிறதா? இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம். ஒரு சின்னக் கணக்கு.

ஒரு பெண் ஆறு பாடம் எடுக்கிறாள். நாலு ஏபி, இரண்டு சாதாரணம். எல்லாவற்றிலும் ஏ. நாலைந்து இருபது, இரண்டு நாலு எட்டு, மொத்தம் 28. ஆறால் வகுத்தால் 4.667. அவள் தோழியும் அதே ஆறு பாடம், அதே ஏ. கூடவே தோழி ஏழாவதாகப் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறாள். அதிலும் ஏ. அது சாதாரணப் பாடம், 4 பாயின்ட். 28ம் 4ம் 32. ஏழால் வகுத்தால் 4.571. கூடுதலாக ஒன்றைக் கற்றுக்கொண்டு, அதிலும் முழு மதிப்பெண் வாங்கி, தோழி பின்னால் போய்விட்டாள்! அந்த ஏழாவது பீரியடில் சும்மா உட்கார்ந்து செல்போன் நோண்டியவள் முன்னால் நிற்கிறாள். உழைப்பைத் தண்டிக்கிற சராசரி இது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், ஆறாம் வகுப்புக் கணக்கு போதும். சில மாவட்டங்கள் இதைக் கவனித்து இசை, விளையாட்டுப் பாடங்களை ஜிபிஏ கணக்கிலிருந்து வெளியே வைத்திருக்கின்றன. வைக்காத இடங்களில் பிள்ளைகளே தங்களை வெளியே வைத்துக்கொள்கிறார்கள்.

என் சித்தி மகள் டெக்சாஸில் படித்தாள். பள்ளிப் பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து வயலின். பதினொன்றாம் வகுப்பில் விட்டுவிட்டாள். ஏம்மா என்று கேட்டதற்கு, "ஆர்கெஸ்ட்ரால ஏ வாங்கினா எனக்கு நஷ்டம் அண்ணா" என்றாள். சோம்பேறித்தனமாக விட்டிருந்தால் திட்டியிருக்கலாம். கணக்குப் போட்டு விட்டிருக்கிறாள், கணக்கும் சரி. என்னத்தைச் சொல்ல?

வயலினாவது போகட்டும். தமிழையும் அதே கணக்கில்தான் விட்டாள். அமெரிக்காவில் பல ஊர்களில் சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. நம்ம மக்கள் சொந்த நேரத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பல வருஷம் போராடி, சில பள்ளி மாவட்டங்களில் அந்தத் தமிழ்ப் படிப்பை ஹைஸ்கூல் மொழிப்பாடக் கிரெடிட்டாக ஏற்க வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய விஷயம் அது! ஆனால் ஏபியில் இருக்கிற மொழிகள் சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஜப்பானியம், லத்தீன், ஸ்பானிஷ். தமிழ் இல்லை. (இந்தியும் இல்லை, சந்தோஷப்பட வேண்டாம்.) ஸ்பானிஷ் எடுக்கிற பிள்ளைக்கு மூன்று நாலு வருஷம் கழித்து 5 பாயின்ட் படி காத்திருக்கிறது. தமிழ் எடுக்கிற பிள்ளைக்கு எத்தனை வருஷம் படித்தாலும், எத்தனை ஏ வாங்கினாலும், 4க்கு மேல் போக வழியே கிடையாது. சித்தி மகள் ஸ்பானிஷுக்குப் போனாள். அம்மாவோடு பேசுகிற மொழியை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வது அவளுடைய ரேங்க்குக்கு ஆபத்து என்று ஒரு சராசரி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் இந்த எண்ணோடு எப்படிப் போட்டி போடுவார்கள்?

"0.09 வித்தியாசத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கலாம். டெக்சாஸில் 0.09க்கு விலை உண்டு. 1997ல் வந்த சட்டப்படி அங்கே ஒவ்வொரு ஹைஸ்கூலிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிற மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் இருக்கிற டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டம் தாங்காமல் 2009ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே அந்தப் பத்து படிப்படியாகக் குறைந்து, 2026ல் சேர்பவர்களுக்கு முதல் ஐந்து சதவீதம் என்று ஆகியிருக்கிறது. 400 பேர் படிக்கிற வகுப்பில் இருபதாவது ஆள் உள்ளே, இருபத்தொன்றாவது ஆள் வரிசையில். யார் இருபது, யார் இருபத்தொன்று என்று எண்ணுவது பள்ளி மாவட்டம், தன் சொந்த வெயிட்டேஜ் விதிப்படி. அது மட்டுமில்லை, வகுப்பில் முதலாவதாக வந்தவருக்கு அரசுக் கல்லூரிகளில் முதல் வருஷக் கட்டணம் தள்ளுபடி. முதலாவது, இரண்டாவது இருவருக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது தசம இடம்.

இதற்காகக் கோர்ட்டுக்கே போயிருக்கிறார்கள். 2003ல் நியூ ஜெர்சியின் மூர்ஸ்டவுன் ஊரில் நடந்த வழக்கு பிரபலம். உடல்நலக் குறைவால் ஒரு மாணவிக்கு உடற்பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கு, சில பாடங்கள் வீட்டிலிருந்தே. வெயிட்டேஜ் இல்லாத உடற்பயிற்சி வகுப்பு அவர் சராசரியை இழுக்கவில்லை, அது மற்றவர்களுக்குப் பாதகம் என்று பேச்சு கிளம்பியது. பள்ளி நிர்வாகம் முதலிடத்தைப் பங்கு போட முயன்றது. அவர் வழக்குப் போட்டார். கூட்டாட்சி நீதிமன்றம் அவர் ஒருவரே முதலிடம் என்றது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. ஓடி விளையாடுகிற பீரியடில் ஏ வாங்குவது ஒருவருக்குச் சுமை, அதிலிருந்து விலக்கு கிடைப்பது சலுகை என்று வயதுக்கு வந்த பெரியவர்கள் கோர்ட்டில் நின்று வாதாடினார்களே, அந்த அவலத்தை மட்டும் பாருங்கள். அந்த மாணவி செய்த தப்பு அதில் எதுவுமில்லை. தராசு அப்படி.

அடுத்தது, ஏபி பாடமே இல்லாத பள்ளிகள். கிராமத்துப் பள்ளி, ஏழைப் பேட்டைப் பள்ளி. அங்கே எவ்வளவு படித்தாலும் 4.0தான் கூரை. 1999ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இங்கிள்வுட் ஹைஸ்கூல் மாணவர்கள் சார்பில் கலிபோர்னியா மாநிலத்தின் மீது வழக்குப் போட்டார்கள். எங்கள் பள்ளியில் ஏபி பாடங்கள் விரல்விட்டு எண்ணலாம், கணிதத்திலும் அறிவியலிலும் ஒன்றுகூட இல்லை, பெவர்லி ஹில்ஸ் மாதிரிப் பணக்காரப் பேட்டைகளில் கொட்டிக் கிடக்கிறது என்பது வாதம். அங்கே பல்கலைக்கழகம் வெயிட்டேஜ் சேர்த்த ஜிபிஏவைப் பார்க்கிறது. கூரை 4.0 இருக்கிற வீட்டுப் பிள்ளை, கூரை 5.0 இருக்கிற வீட்டுப் பிள்ளையோடு உயரம் பார்க்க வேண்டும்.

இப்போது எதிர்த்தரப்பு. அவர்களிடம் இருக்கிற ஒரே வலுவான வாதம் இது: வெயிட்டேஜ் இல்லையென்றால் எல்லாரும் சுலபமான பாடம் எடுத்து 4.0 வாங்கிக்கொண்டு போவார்கள். கடினமான பாடத்தில் பி வாங்கியவன் சுலபமான பாடத்தில் ஏ வாங்கியவனிடம் தோற்பான். அது மட்டும் நியாயமா?

நியாயமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, ஏபி படித்ததற்கான கூலி ஏற்கெனவே தனியாக இருக்கிறது. ஏபி தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பல கல்லூரிகள் அதைக் காலேஜ் கிரெடிட்டாகவே ஏற்கின்றன. அந்தப் பாடத்துக்கு அங்கே போய்ப் பணம் கட்டிப் படிக்க வேண்டாம். தேர்வுக் கட்டணம் 2025ல் 99 டாலர். மிச்சமாவது ஒரு காலேஜ் பாடத்தின் கட்டணம். இதைவிட நல்ல முதலீட்டை நான் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. அதற்கு மேல் ஜிபிஏவிலும் ஒரு பாயின்ட் என்றால் ஒரே வருமானத்தை இரண்டு இடத்தில் எழுதுகிறீர்கள்.

இரண்டு, கடினமான பாடம் எடுத்தான் என்பது மார்க் ஷீட்டிலேயே தெரிகிறது! பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஏபி என்று எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் படிக்கலாம். கடினத்தையும் மதிப்பெண்ணையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் கரைத்தால்தான் எது எவ்வளவு என்று தெரியாமல் போகிறது. 4.0 என்கிற எண் ஏபியில் பி வாங்கியவனா, சாதாரணப் பாடத்தில் ஏ வாங்கியவனா? கரைத்தபின் யாருக்குத் தெரியும்?

"அதான் காலேஜ்களே மறுபடி கணக்குப் போட்டுக்கொள்கின்றனவே, நீ ஏன் அலட்டிக்கொள்கிறாய்" என்று இன்னொரு கட்சி. போடுகின்றன, சில. கலிபோர்னியா பல்கலைக்கழகம் பள்ளி போட்ட ஜிபிஏவை ஓரமாக வைத்துவிட்டு, பத்து, பதினொன்றாம் வகுப்புகளின் குறிப்பிட்ட பாடங்களை மட்டும் எடுத்துத் தானே கணக்கிடுகிறது. கூடுதல் பாயின்டுக்கும் உச்சவரம்பு உண்டு, எட்டு செமஸ்டர்தான். பத்து ஏபி எடுத்தாலும் அவ்வளவுதான். அந்த உச்சவரம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு அளவுக்கு மேல் ஏபி அடுக்குவதில் லாபமில்லை என்றால் பிள்ளை வயலினை எடுத்து வாசிக்கும். ஆனால் காலேஜ் மறுகணக்குப் போட முடிவது மதிப்பெண்ணைத்தான். ரேங்க்கை யாரும் மறுகணக்குப் போட முடியாது. அதற்கு அந்த வகுப்பில் இருக்கிற 400 பேரின் மார்க் ஷீட்டும் வேண்டும். ரேங்க்கைப் பள்ளி சொன்னால் சொன்னதுதான். சட்டம் ரேங்க்கை வைத்து இடம் கொடுக்கிற டெக்சாஸில் "காலேஜ் பார்த்துக்கொள்ளும்" என்பது ஜல்லி.

வேறு சில இடங்களில் ரேங்க்கைத் தூக்கியிருக்கிறார்கள். வட கரோலினாவில் ராலே நகரம் இருக்கிற வேக் மாவட்டம் 2016ல் முடிவெடுத்து, 2019லிருந்து வகுப்பில் முதலாவது, இரண்டாவது என்று அறிவிப்பதை நிறுத்தியது. அதற்குப் பதில் மூன்று படி லத்தீன் பட்டங்கள். நல்ல காரியம் என்று கைதட்டப் போனேன். மேல்படிப் பட்டத்துக்கு 4.25 வேண்டுமாம். சாதாரணப் பாடங்களில் எல்லாம் ஏ வாங்கினாலும் அங்கே 4.0தான் வரும். ஆக, ஆள் பெயரை எடுத்துவிட்டு அதே வெயிட்டேஜை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள்.

நம்மவர்களையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். இந்த ஆட்டத்தை நன்றாக ஆடுவது யார்? ஏழாம் வகுப்பிலேயே எக்செல் ஷீட் போட்டு, எந்தப் பாடத்தை எந்த வருஷம் எடுத்தால் ஜிபிஏ எவ்வளவு ஏறும், எதைக் கோடை விடுமுறையில் முடித்துத் தள்ளலாம் என்று நாலு வருஷத் திட்டம் வைத்திருக்கிற வீடுகளில் நம்ம வீடுகள் நிறைய. பிள்ளைக்கு விதி தெரிந்த அப்பா அம்மா இருக்கிறார்கள். நாளைக்கு இரண்டு வேலை பார்க்கிற, தான் ஹைஸ்கூலே முடிக்காத ஒரு அம்மாவின் பிள்ளைக்கு இதை யார் சொல்வார்கள்? பள்ளி ஆலோசகர்தான் சொல்ல வேண்டும். ஒருவருக்கு 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அந்த ஆலோசகர்கள் சங்கமே சொல்கிறது. நாட்டுச் சராசரி அதைவிட எவ்வளவோ அதிகம். பிள்ளையின் திறமையை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அப்பா அம்மாவுக்கு விதி தெரியுமா என்பதை அளக்கிறார்கள். நம்ம ஆட்கள் அதில் ஜெயிப்பதால் வாயைத் திறப்பதில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஜார்ஜியாவைப் பார்த்தால் போதும். அங்கே 1993லிருந்து லாட்டரிப் பணத்தில் ஹோப் என்று ஒரு உதவித்தொகை. 3.0 வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் தன் இஷ்டத்துக்கு ஜிபிஏ போட்டு அனுப்பினால் அரசுப் பணம் இஷ்டத்துக்குப் போகும் என்று புரிந்துகொண்டு, 2007ல் படிப்பு முடித்தவர்களிலிருந்து மாநில நிதி ஆணையமே ஜிபிஏவைக் கணக்கிடுகிறது. பள்ளிகள் மார்க்கை அனுப்பினால் போதும். பள்ளி சேர்த்த வெயிட்டேஜை முதலில் கழற்றிவிடுகிறார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், பிறமொழி ஆகிய பாடங்களை மட்டும் எடுக்கிறார்கள். ஏபியில் பி, சி, டி வாங்கியிருந்தால் அரை பாயின்ட் சேர்க்கிறார்கள். ஏ வாங்கியிருந்தால் ஒன்றும் சேர்ப்பதில்லை, 4.0க்கு மேல் எதுவும் இல்லை. கடினமான பாடம் எடுத்துக் கொஞ்சம் சறுக்கியவனைத் தாங்கிப் பிடிக்கிறது. ஏற்கெனவே ஏ வாங்கியவனை ஆகாசத்துக்கு ஏற்றுவதில்லை. ஆர்கெஸ்ட்ரா கணக்கிலேயே வராததால் வயலின் வாசிப்பவளுக்கு நஷ்டமும் இல்லை.

இதையே மற்ற மாநிலங்களும் செய்யலாம். பள்ளி நூற்றுக்கு வாங்கிய மார்க்கையும், பாடம் என்ன வகை என்பதையும் அப்படியே எழுதட்டும். கூட்டுவது, கழிப்பது, எடை போடுவது எல்லாம் அந்த எண்ணை வைத்து இடமோ பணமோ கொடுப்பவரின் வேலை. தன் சூத்திரத்தை அவர் ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே வெளியே போட்டுவிடட்டும். டெக்சாஸ் மாதிரி ரேங்க் வேண்டியே ஆகவேண்டும் என்கிற இடத்தில், ரேங்க்குக்கு மட்டும் ஜார்ஜியா கணக்கை மாநிலம் முழுக்க வைக்கட்டும். பலர் 4.0ல் சமமாக நின்றால் நிற்கட்டுமே. ஐந்து சதவீதத்துக்குப் பதில் ஏழு சதவீதம் தகுதி பெற்றுவிட்டால் அந்த ஏழு பேரின் மார்க் ஷீட்டையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆள் போடக் காசில்லை என்று எந்தப் பல்கலைக்கழகமாவது சொன்னால், விண்ணப்பக் கட்டணம் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் வாங்குகிறீர்களே, அது எந்த லெட்ஜரில் போகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.